கொழுந்து எடுக்கும் கைக்கு ஜாக்கெட் தைப்பது

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவுக்கு நான் தைத்துக் கொடுத்த முதல் ஜாக்கெட் மூன்றாம் நாளே கிழிந்தது.

கொடுத்தது சனிக்கிழமை. ஞாயிறு ஆராதனைக்கு அந்த அக்கா அதைப் போட்டுக்கொண்டு வந்தார். கத்தரிப்பூ நிறம், டூ பை டூ துணி, உடம்போடு ஒட்டி வார்த்த மாதிரி இருந்தது. கோயில் வாசலில் நாலு பேர் "யாரு தைச்சது?" என்று கேட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த ஞாயிறு அவர் முந்தானையால் தோளைச் சுற்றி மூடிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. காய்ச்சலா அக்கா என்றால், "குளிருதும்மா" என்றார். மூன்றாவது வாரம் பாட்டுப் புத்தகம் எடுக்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தேன். இரண்டு அக்குளும் கிழிந்து, கறுப்பு நூலால் இழுத்து இழுத்துத் தைத்திருந்தது. மற்ற ஜாக்கெட் மழையில் காயாததால் திங்கட்கிழமை அதையே போட்டுக்கொண்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார். காலையில் கொழுந்து நிறுப்பதற்கு முன்பே ஒரு பக்கம் போய்விட்டது. நான் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா தைத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று என்னிடம் மறைத்துவிட்டார்.

எங்கம்மாவும் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தான். அவர் கை எப்படிப் போகும், எப்படி வரும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் தையல் வகுப்பில் படித்த கணக்கை அப்படியே கொண்டுவந்து வெட்டினேன். வகுப்பில் அளவு கொடுக்கும் பெண் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு சிலை மாதிரி நிற்பாள். மலையில் அப்படி யார் நிற்கிறார்கள்?

இது நடந்து 27 வருடம். அதற்குப் பிறகு, சபை பாஸ்டருக்குக் கொடுக்கிற மிஷன் வீடு ஐந்து மாறியாயிற்று. இப்போது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். புதிதாகத் தோட்டச் சபைகளுக்கு வரும் பாஸ்டரம்மாமார் சிலர் தையல் மெஷினோடு வருகிறார்கள், என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நேர்த்தையல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். அதுவும் தெரியாதவர்கள் முதலில் ஒரு தலையணை உறை தைத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

கை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

டேப்பை எடுக்கும் முன் ஒரு நாள் மலைப் பக்கம் போய் நில்லுங்கள். கை முன்னால் போய்ச் செடியின் மேல்மட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறது. உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே போய், பின்னால் தொங்கும் கூடைக்குள் கொழுந்தை வீசுகிறது. திரும்ப முன்னால். ஒரு பேர் விழுவதற்கு, அதாவது முழு நாள் சம்பளம் பதிவதற்கு, பதினெட்டு கிலோ என்றால், அந்தக் கை ஒரு நாளில் எத்தனை தடவை தோளைத் தாண்டியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கூடைக் கயிறு தலையில். கூடை முதுகில் உரசிக்கொண்டே இருக்கும். செடி கீறாமல் இடுப்பில் படங்குத் துணி கட்டியிருப்பதால் ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு மேலே ஏற முடியாது. கீழேயும் இழுத்துக் கட்டி, மேலேயும் கை இழுத்தால் நடுவில் இருக்கிற அக்குள்தானே கிழியும்?

துணி

மலை ஜாக்கெட்டுக்கு டூ பை டூ வேண்டாம். அது ஞாயிற்றுக்கிழமைத் துணி. பொப்லின் எடுங்கள், அதிலும் கொஞ்சம் பொலியெஸ்டர் கலந்தது. சுத்தப் பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று நானும் பல வருடம் பிடிவாதமாக இருந்தேன். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் ஆனி ஆடி மழையில் துணி காயவைத்துப் பார்த்தவர்கள் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடுவார்கள். பருத்தி மூன்று நாள் கொடியில் தொங்கும், நாலாம் நாள் பூஞ்சை வாடை வரும். பதுளைப் பக்கத்தார் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்கு மழை மார்கழி தையில்தான். அந்தப் பக்கம் பருத்தி தாராளமாகத் தைக்கலாம்.

36 இஞ்சி அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மீட்டர் போதும் என்பார். சிக்கனமாக வெட்டினால் போதும்தான். அந்தக் கால் மீட்டர் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன் துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் தொங்கவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, மெரூன் என்றால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வெள்ளைச் சாரிக்குச் சோடியாகத் தைக்காதீர்கள். அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயவைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் புகை வாடை இரண்டு தடவை கழுவினாலும் போகாது. நான் பாதி காய்ந்ததும் அயன் பண்ணியே காயவைத்துவிடுவேன். கரண்ட் இல்லாத நாளுக்குச் சிரட்டைக் கரி போடுகிற பழைய அயன் பெட்டி ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன். சாம்பல் பறக்காமல் ஊதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கோடு போட சோக் வாங்கி ஏமாறாதீர்கள். ஈரக்காற்றில் அது துணியில் பிடிக்காது. தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டின் ஓரத்தைக் கத்தியால் சீவி வைத்துக்கொள்ளுங்கள். கோடு மெல்லிசாக விழும், கழுவினால் போய்விடும்.

அளவு எடுப்பது

வழக்கமான எட்டு அளவு எல்லாருக்கும் தெரியும்: நீளம், தோள், மார்பு, இடுப்பு, முன் கழுத்து, பின் கழுத்து, கை நீளம், கைச்சுற்று. இதோடு ஒன்பதாவதாக ஒன்று எடுங்கள். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'கூடை அளவு'.

"கூடைக்குக் கொழுந்து போடுற மாதிரி கையைத் தூக்குங்க அக்கா" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். தூக்கிய கையை அப்படியே நிறுத்தி, ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு வரவேண்டிய இடத்தில் டேப்பின் நுனியை வைத்து, விலாவின் ஓரமாக மேலே ஏறி, அக்குளைத் தொட்டு, கையின் விளிம்பு முடியவேண்டிய இடம் வரை அளந்துகொள்ளுங்கள்.

அந்தக் கிழிந்த ஜாக்கெட்டை வாங்கி மேசையில் விரித்து அளந்தேன். பக்கத் தையல் 7 இஞ்சி, கையின் அடித்தையல் 3½. மொத்தம் 10½. அந்த அக்காவின் கூடை அளவு 15. மீதி நாலரை இஞ்சிக்குத் துணி எங்கே போகும்? அன்றைக்கே இந்த ஒன்பதாவது அளவு என் நோட்டில் ஏறிவிட்டது.

அக்குளின் உயரத்தையும் கணக்கால் போடாமல் உடம்பில் எடுங்கள். ஒரு பென்சிலைக் கிடையாக அக்குளில் வைத்து, கையை இறக்கச் சொல்லுங்கள். தோள் முனையிலிருந்து அந்தப் பென்சில் வரை நேராக அளந்து, அரை இஞ்சி கூட்டினால் அதுதான் கைக்குழியின் இறக்கம்.

அளவு எடுக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஷன் வீட்டு முன்னறையில் எடுக்காதீர்கள். எந்த நேரமும் யாராவது ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். உள்ளறையில், திரைக்குப் பின்னால், பாஸ்டர் வீடு சந்திக்கப் போன நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களை முதலில் உட்காரவைத்து ஒரு பிளேன்டீ கொடுங்கள். கல்மேட்டில் ஏறி வந்தவருக்கு உடனே மார்பளவு எடுத்தால் மூச்சு வாங்கி அரை இஞ்சி கூடிவிடும். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கூடும்.

அப்புறம், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்கும்போது அவள் பேச ஆரம்பிப்பாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. பிரசங்கம் முடிந்து கை குலுக்கும்போது "சுகமா இருக்கோம்மா" என்று சொன்னவள்தான், பின்கழுத்தை அளக்கும்போது வீட்டுக்காரன் குடி, கொழும்புக் கடையில் வேலைக்குப் போன மகன் போன் எடுக்காதது, அடகு வைத்த தோடு எல்லாம் சொல்லுவாள். சில நாள் அவள் ஒன்றும் சொல்லாமலே கையில் நீலம் பாய்ந்திருப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். அளவு நோட்டில் அளவை மட்டும் எழுதுங்கள். கேட்டதை வீட்டில் பாஸ்டரிடம்கூடக் கொண்டுபோகாதீர்கள், "ஐயாகிட்ட சொல்லவா?" என்று அவளிடம் கேட்டு அவள் சரி என்றால் தவிர. ஒரு தடவை நான் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனதோடு அவள் இருக்கிற லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஜெபிக்கப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னிடம் தைக்க வரவேயில்லை. டவுனில் கொடுத்துத் தைத்தாள், கூலியும் பஸ் காசும் கூட. அவள் பக்கம் நியாயம்தான்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் விடாதீர்கள். "போன தடவையை விட இரண்டு இஞ்சி கூடிட்டீங்க" என்பதைச் சொல்லாமல் நோட்டில் எழுதினால் போதும்.

வெட்டுவது

துணியில் நேரடியாகக் கோடு போடுகிற துணிச்சல் எனக்கு இன்றைக்கும் இல்லை. பழைய வீரகேசரிப் பேப்பரில் வெட்டி வைத்துக்கொண்டுதான் துணிக்குப் போவேன். பேப்பர் அளவில் பெயரை எழுதி ஆணியில் மாட்டி வைத்தால், அடுத்த வருடம் அளவு எடுக்காமலே தைக்கலாம்.

36 மார்பை வைத்துச் சொல்கிறேன். மார்பில் நாலில் ஒன்று 9. ஞாயிறு ஜாக்கெட்டுக்குத் தளர்வு அரை இஞ்சி கூட்டுவோம், இதற்கு முக்கால். பக்கத் தையலுக்கு உள்ளே விடுவது ஒன்றரை இஞ்சி. ஆக, மடிப்பிலிருந்து மார்புக் கோட்டில் 11¼. முன்பக்கத்துக்கு ஹூக் பட்டிக்கும் டாட்டுக்கும் இன்னும் ஒரு இஞ்சி. நீளம் வகுப்புக் கணக்கில் 14½, நான் 16 வைப்பேன். குனிந்து நிமிரும்போது இடுப்பு தெரியாது, படங்குக் கயிறும் தோலில் உரசாமல் துணியில் உரசும்.

இனி முக்கியமான இடம். ஜாக்கெட் அக்குளில் பிடிக்கிறது என்று யாராவது சொன்னால், நம் கை உடனே கத்தரிக்கோலை எடுத்துக் கைக்குழியை இன்னும் கீழே வெட்டப் போகும். வெட்டாதீர்கள். அது தப்பு, எல்லாரும் செய்கிற தப்பு. கைக்குழி கீழே இறங்க இறங்கப் பக்கத் தையல் குட்டையாகிறது. கையைத் தூக்கினால் முழு ஜாக்கெட்டும் சேர்ந்து மேலே வரும். நம்பாவிட்டால் உங்கள் வீட்டில் ஆகத் தொளதொளவென்று கைக்குழி உள்ள சட்டையைப் போட்டுக்கொண்டு அலுமாரி மேல் தட்டை எட்டிப் பாருங்கள். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, ஆனால் தோலில் அழுத்தாமல் இருக்க வேண்டும். என் கிழிந்த ஜாக்கெட்டில் 7½ இறக்கியிருந்தேன். பென்சில் வைத்து எடுத்தால் அதே உடம்புக்கு 6½ தான் வந்தது.

கையில் மாற்ற வேண்டியது மேல் வளைவின் உயரம். வகுப்பில் 3½ இஞ்சி சொல்லித் தந்தார்கள். 2½க்கு இறக்குங்கள். வளைவு தாழ்ந்தால் அதன் நீளம் குறையும், கைக்குழியோடு பொருந்தாது. ஆகவே மடிப்பிலிருந்து கையின் அகலத்தைக் கிட்டத்தட்ட அரை இஞ்சி கூட்ட வேண்டி வரும். கூட்டிய பிறகு டேப்பை விளிம்பில் நிறுத்தி, வளைவோடு வளைவாக இரண்டையும் அளந்து பாருங்கள். கையின் வளைவு கைக்குழிக்குச் சமமாகவோ அரை இஞ்சி கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. கை நீளம் 7½ வையுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். நீளம் 16, கைக்குழி 6½, ஆகவே பக்கத் தையல் 9½. கை 7½, வளைவு 2½, ஆகவே அடித்தையல் 5. மொத்தம் 14½. கூடை அளவு 15. அரை இஞ்சிக்காக யாருடைய ஜாக்கெட்டும் கிழியாது.

இதில் ஒரு குறை உண்டு. கையைத் தொங்கப் போட்டால் அக்குளுக்குக் கீழே சுருக்கம் விழும். கல்யாண வீட்டுப் போட்டோவில் அது அழகாக இருக்காது. அதனால்தான் மலைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று இரண்டு விதமாகத் தைக்கச் சொல்கிறேன். ஒரே ஜாக்கெட்டில் இரண்டையும் செய்து காட்டுகிறேன் என்பவரிடம் நான் தைக்கக் கொடுக்க மாட்டேன்.

அக்குள் துண்டு

ஏற்கனவே தைத்த ஜாக்கெட் அக்குளில் பிடித்தால், அல்லது கிழிந்தே போயிருந்தால், அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அந்த அக்காவின் ஜாக்கெட்டை இப்படித்தான் சரி செய்தேன். நிதானமாகப் படியுங்கள், இது வாயால் சொன்னால் குழம்பும், கையால் செய்தால் விளங்கும்.

3½ இஞ்சிக்கு 3½ இஞ்சியாக ஒரு சதுரம் வெட்டுங்கள். துணியின் நூலோட்டத்துக்கு நேராக வெட்டுங்கள், சாய்த்து வேண்டாம். நாலு பக்கமும் அரை இஞ்சி தையலுக்குப் போனால் உள்ளே 2½ இஞ்சிச் சதுரம் மிஞ்சும். நாலு மூலையிலும் அரை இஞ்சி உள்ளே சவர்க்காரத்தால் ஒரு புள்ளி வையுங்கள். இந்த நாலு புள்ளியும்தான் உங்களுக்கு வழிகாட்டி.

ஜாக்கெட்டை உட்புறம் திருப்புங்கள். அக்குளில் நாலு தையல் சந்திக்கிற இடத்திலிருந்து கைக்குழித் தையலை முன்பக்கம் 2½ இஞ்சி பிரியுங்கள், பின்பக்கம் 2½ இஞ்சி பிரியுங்கள். பக்கத் தையலையும் கையின் அடித்தையலையும் தொடாதீர்கள். இப்போது அக்குளில் ஒரு வைரக்கல் வடிவத்தில் வாய் திறந்திருக்கும்: ஒரு முனை கைப்பக்கம், ஒரு முனை இடுப்புப் பக்கம், மற்ற இரண்டும் முன்னும் பின்னும் கைக்குழித் தையலில். சதுரத்தின் நாலு மூலையும் இந்த நாலு முனைக்குப் போக வேண்டும்.

முதலில் முன்பக்கம். சதுரத்தின் ஒரு புள்ளியை முன் கைக்குழித் தையலின் முடிவில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். அங்கிருந்து ஒரு ஓரம் கையின் விளிம்போடும், அடுத்த ஓரம் உடம்புப் பக்கத்து விளிம்போடும் போகும். முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள், நேரே மெஷினுக்குப் போக வேண்டாம். புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் நிறுத்துங்கள். மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி அடுத்த ஓரம். மூலைக்கு முந்திய மூன்று தையலைக் காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுங்கள். பின்பக்கத்துக்கும் இதே மாதிரி. கடைசியில் கைக்குழித் தையலில் இன்னும் திறந்திருக்கிற இடத்தைச் சதுரத்தின் முனை வரை மூடிவிடுங்கள்.

சதுரத்தை நேராக வெட்டி மூலையாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கையைத் தூக்கும்போது இழுவிசை மூலையிலிருந்து மூலைக்குப் போகும். அந்தத் திசையில் துணி சாய்வாக இருப்பதால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். வெட்டி வைத்த துண்டைக் கையில் பிடித்து ஓரத்தோடு ஓரம் இழுத்துப் பாருங்கள், பிறகு மூலையோடு மூலை இழுத்துப் பாருங்கள், தெரியும். மூலைக்கு மூலை மூன்றரை இஞ்சி. 10½ஆக இருந்தது 14 ஆகிவிட்டது.

தைக்கும்போது கவனிக்க இன்னும் இரண்டு மூன்று

ஹூக் முன்னால்தான் வைக்க வேண்டும். பின் ஹூக் டவுனில் பேஷனாக இருக்கலாம். கைக்குழந்தைக்காரி பகல் நேரம், தோட்டத்தில் குழந்தைகளை விட்டுப் பார்க்கிற பிள்ளை மடுவத்துக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும், யாரைக் கூப்பிட்டு ஹூக் கழற்றுவாள்?

முதுகில் கூடை உரசும் இடத்துக்கு உட்பக்கமாக ஒரு துண்டு இரட்டையாகப் போடுங்கள், இரண்டு தோள்பட்டை எலும்பையும் மூடும் அளவுக்கு. உள்ளே விட்ட ஒன்றரை இஞ்சியை ஒருபோதும் வெட்டி எறியாதீர்கள். பிள்ளை பிறக்கும், உடம்பு மாறும், ஜாக்கெட் அதேதான்.

மெஷின் பற்றி. ஊசி பொப்லினுக்கு 14ஆம் நம்பர். கால் மெஷினின் தோல் பெல்ட் மழைக்காலத்தில் தளர்ந்துவிடும், அரை இஞ்சி வெட்டி மறுபடி கொளுவுங்கள். எண்ணெய், மெஷின் எண்ணெயாகவே இருக்கட்டும். நுவரெலியாவில் இருந்த வருடம் எண்ணெய் தீர்ந்துபோய், ஒரு இரவு சமையலறைத் தேங்காய் எண்ணெயை விட்டேன். தை மாதம், புல்லில் உறைபனி விழுகிற காலம். காலையில் மெஷின் கல்லாகிவிட்டது. போத்தலுக்குள்ளே உறைகிற எண்ணெய் மெஷினுக்குள்ளே உறையாதா என்று எங்கள் வீட்டுப் பாஸ்டர் கேட்டார். சிங்கரின் வயிற்றைத் திறந்து மண்ணெண்ணெயில் துடைத்தெடுக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று.

கூலி

வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

முதல் இரண்டு வருடம் நான் வாங்கவில்லை. ஊழியம் என்று நினைத்தேன். என்ன நடந்தது? வசதி உள்ளவர்கள் மூன்று நாலு துணியோடு வந்தார்கள். இல்லாதவர்கள் சும்மா வாங்க வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள். பஸ் நிற்கிற இடத்தில் மெஷின் வைத்திருந்த தம்பிக்குப் பிழைப்பு போனது. கூலி வைத்ததும் சபையில் ஒரு மூப்பர், "தொற்காள் காசு வாங்கினாளா?" என்று கேட்டார். யோப்பா பட்டணத்து விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த வஸ்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள் என்றுதான் வேதத்தில் இருக்கிறது, கூலிக் கணக்கு அங்கே எழுதியில்லை ஐயா என்றேன். அவர் மனைவி அடுத்த கிழமையே துணி கொண்டுவந்தார், கூலியோடு.

மலை ஜாக்கெட்டுக்கு ஒரு நாள் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கேட்பதில்லை என்று எனக்கு நானே வைத்திருக்கிறேன். 2021ல் நாள் சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்கியபோதும் அந்தக் கணக்கைத்தான் வைத்தேன். காசு சம்பள நாளுக்குத்தான் வரும், 10ஆம் திகதி வாக்கில். அதற்கு முன் கேட்காதீர்கள். அக்குள் துண்டுக்கும் ஹூக் மாற்றுவதற்கும் காசு வாங்குவதில்லை. செத்த வீட்டுக்குத் தைப்பதற்கும் இல்லை. லயத்தில் ஒரு சாவு என்றால் இரவு பத்து மணிக்கும் வெள்ளைத் துணியோடு வருவார்கள், காலைக்குள் கொடுக்க வேண்டும். அதற்கென்று நாலு மீட்டர் வெள்ளை எப்போதும் அலுமாரியில் வையுங்கள்.

கூட்டம் வருவது தீபாவளிக்கும் நத்தாருக்கும். தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்த மறுநாள் வாசலில் துணி குவியும். நத்தார்த் துணிக்கு டிசம்பர் 10ஓடு கதவை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் 24ஆம் திகதி இரவு கரோல் பாடிக்கொண்டே ஹூக் கட்டுவீர்கள். ஆடியில் மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் ஜாக்கெட்டும் வரும். பாஸ்டரம்மா அதைத் தைக்கலாமா என்று சபைக்குள் ஒருவர் முகம் சுளிப்பார். நான் தைக்கிறேன். அந்த அக்காமார்தான் நத்தாருக்கு முதல் ஆளாக வந்து கேக் சாப்பிடுகிறார்கள்.

போட்டுப் பார்ப்பது

கைவிளிம்பும் கீழ்விளிம்பும் மடிப்பதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்க்க வையுங்கள். கண்ணாடிக்கு முன் நிற்கவைத்துப் பயனில்லை. சாப்பாட்டு மேசையைச் செடியென்று நினைத்துக்கொள்ளச் சொல்லி, இருபது தடவை கிள்ளி இருபது தடவை பின்னால் வீசச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். ஐந்தாவது தடவை கை தன் வேகத்துக்கு வந்துவிடும். அப்போது பின்னால் நின்று கீழ் விளிம்பைப் பாருங்கள். ஒரு விரலுக்கு மேல் ஏறினால் பக்கத் தையலை மறுபடி பாருங்கள். ஒரு கிழவி இப்படி வீசிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பாஸ்டர் உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல் அப்படியே திரும்பிப் போனார். கிழவி நிறுத்தவில்லை. இருபது முடித்துவிட்டுத்தான் நின்றது.

சரி, இனிப் பையில் போட்டுக் கொடுங்கள். ஜாக்கெட்டோடு இரண்டு ஹூக், அப்புறம் அந்தக் கால் மீட்டரில் மிஞ்சியதை மடித்து வையுங்கள், நூலும் அதே நிறத்தில் கொஞ்சம். பிறகு எப்போதாவது அக்குளுக்கோ முதுகுக்கோ துண்டு வைக்க வேண்டி வந்தால் அதே துணி கையில் இருக்கும். அந்த முதல் ஜாக்கெட்டுக்கு என்னிடம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாண்கூட மிஞ்சியிருக்கவில்லை. டவுனில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் தலையணை உறையில் வெட்டி, இரண்டு அக்குளிலும் வெள்ளைச் சதுரம் வைத்துக் கொடுத்தேன். அவர் அதையே இரண்டு வருடம் மலைக்குப் போட்டார். மிஷன் வீட்டு வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்தால், கொழுந்தை வீசும்போதெல்லாம் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்து மறையும். எந்த நிரையில் நிற்கிறார் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.